எரிந்த வால்வுகளின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: பழைய கார்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள், சிலிண்டர் ஹெட், முகவரி மாறாதது.

பெறுநர்: பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: அமைச்சகத்தின் மீது சுமத்தப்பட்டுவரும் கொலைப்பழியைப் பெருமளவு நீக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சகத்துக்கு,

அம்பாசிடரையும் அதன் வயதையொத்த வண்டிகளையும் இன்னும் ஓட்டிவருவோர், எஞ்சின் மிஸ்ஸிங் அடித்து, மெக்கானிக் ஹெட்டை இறக்கி, விளிம்பில் ஒரு துண்டு தின்னப்பட்ட வால்வை எடுத்துக் காட்டும்போதெல்லாம் முதலில் சபிப்பது அமைச்சகத்தையே என்பதும், பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்ததும் எத்தனாலைச் சேர்த்ததும் அந்தச் சாபத்தில் தவறாமல் இடம்பெறுகின்றன என்பதும் மனுதாரர்களின் கவனத்துக்கு வந்துள்ளன. எரிந்தவர்கள் தாங்களே என்பதால் எரித்தவர் யாரென்று சொல்லும் தகுதி மனுதாரர்களுக்கு உண்டு. இத்தனை வேலைத்திறனை அமைச்சகத்தின் மீது ஏற்றிச் சொல்வது உண்மைக்குப் பொருந்தாது என்பதை அவர்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்கின்றனர்.

மனுதாரர்களின் பணிநிலைமை எந்தக் கோப்பிலும் இருக்க வாய்ப்பில்லையாதலால் அதை இங்கே விளக்குவது அவசியமாகிறது. எரிந்து முடிந்த புகை சிலிண்டரை விட்டு வெளியேறும் வழியைத் திறந்து மூடுவது எக்ஸாஸ்ட் வால்வின் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை அந்த வேலையைச் செய்தாக வேண்டும். உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்ட, வால்வின் தலை 700 டிகிரிக்கும் மேலே சென்று செக்கச்சிவந்து நிற்கிறது. உள்ளே வரும் குளிர்ந்த பெட்ரோல் கலவை பக்கத்திலுள்ள இன்டேக் வால்வை அது திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிப்பாட்டிச் செல்லும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதற்குள்ள ஆறுதல், மூடியிருக்கும் நேரத்தில் தான் உட்காரும் வளைய வடிவ முகமாகிய வால்வு சீட்டின் வழியே வெப்பத்தின் பெரும்பகுதியை ஹெட்டுக்கும், ஹெட் வழியே ரேடியேட்டர் தண்ணீருக்கும் கொடுத்துவிட முடிவதே. எஞ்சியது தண்டின் வழியே அதைச் சூழ்ந்த வால்வு கைடுக்குப் போகிறது. ஆகவே வால்வு சீட்டில் முழுமையாக உட்காராவிட்டால், வெப்பம் இறங்கும் வழி அடைபடுவதோடு, அழுத்தமுள்ள நெருப்பும் அந்த மயிரிழைச் சந்தில் பீறிட்டு விளிம்பை அறுத்து வாய்க்கால் வெட்டிவிடுகிறது. வால்வு எரிந்துபோயிற்று என்று பட்டறையில் சொல்லப்படுவது இதைத்தான்.

இனி முதற் குற்றச்சாட்டாகிய ஈயம். 1921இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்து பார்த்தது எஞ்சினின் நாக்கிங் சத்தத்தை அடக்கவே. வால்வுகளின் நலம் அப்போது யார் மனத்திலும் இல்லை. எரிந்த ஈயத்தின் படிவு வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய பூச்சாக நின்று காத்தது தற்செயலாகக் கிடைத்த சலுகை. அந்தப் பூச்சு இல்லாதபோது, வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேரடியாக வெட்டப்பட்ட சீட்டின்மேல் கொதிக்கும் வால்வு நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி, பிரியும்போது இரும்புத் துகளைப் பிய்த்தெடுத்து, நாளடைவில் சீட்டைக் குழித்துவிடுகிறது. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இந்த வகையைச் சேர்ந்தது. எனினும் அதே ஈயம் தடித்துப் படிந்து, பொருக்காக உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் சந்து விட்டு வால்வுகளை எரித்ததும் உண்டு என்பதை ஈயத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் வசதியாக மறந்துவிடுகின்றனர். 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோலைக் கொண்டுவந்து, 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயத்தை நிறுத்தியது, குழந்தைகளின் மூளையைக் காத்த காரியம். ஒரு தலைமுறையின் மூளையை விலையாகக் கொடுத்துத் தங்கள் விளிம்பைக் காத்துக்கொள்ள மனுதாரர்கள் விரும்பவில்லை. இந்த ஒரு நற்செயலுக்காகவே அமைச்சகம் இன்றளவும் திட்டு வாங்குவதை அவர்கள் சற்று வியப்புடன் கவனித்துவருகின்றனர்.

உண்மையான கொலையாளி அமைதியை விரும்பும் வண்டி உரிமையாளரே. வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கும். டாப்பெட் கிளியரன்ஸ் எனப்படும் இது, வால்வு சூட்டில் நீளும்போதும் முழுதாக மூடிக்கொள்ள விட்டுவைத்த இடம். சீட் குழிந்தால் வால்வு மேலேறும். மேலேறினால் இடைவெளி சுருங்கும். சுருங்கச் சுருங்க டாப்பெட்டின் டிக் டிக் ஓசை குறைந்து, எஞ்சின் புது வண்டிபோல் ஓடுவதாக உரிமையாளர் ஊரெல்லாம் சொல்லி மகிழ்வார். இடைவெளி முற்றும் அற்றுப்போகும் நாளில் வால்வு மூடாமல் தொங்கும். அடுத்த சில நூறு கிலோமீட்டரில் கதை முடியும். இயல்பாகவே ஓசை எழுப்பும் எஞ்சினைக் கொண்டுவந்து சத்தத்தைக் குறைத்துத் தரச்சொல்லிக் கெஞ்சுவோரும், ஃபீலர் கேஜ் எனப்படும் தகட்டளவியை எடுக்காமல் காதால் கேட்டே திருகை இறுக்கி அனுப்புவோரும் இதே முடிவைச் சீட் குழியும் முன்பே வரவழைத்துவிடுகின்றனர். வண்டிக் கையேட்டில் சொன்ன இடைவெளியை, அது சொன்னபடி எஞ்சின் ஆறியோ சூடாகவோ இருக்கும்போது அளந்து வைத்தால் மனுதாரர்களில் பெரும்பாலோர் ஓய்வுக்காலம் வரை உயிருடன் இருப்பர். ஒவ்வொரு முறையும் ஒரே வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வருமானால், அந்தச் சீட் குழிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மைலேஜ் கூடட்டும் என்று கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையாகிய ஜெட்டைச் சிறிதாக்குவோர், சமையல் எரிவாயு சிலிண்டரை டிக்கியில் ஏற்றி வண்டி ஓட்டுவோர் (இது சட்டவிரோதம் என்பதை வால்வுகளே அறியும்), இக்னிஷன் டைமிங் தாமதப்பட்டு நெருப்பு வெளியேறும் வழியிலும் எரிவதைக் கவனியாதோர், ரேடியேட்டரில் கிணற்று உப்புநீரை ஊற்றி ஹெட்டின் நீர்வழிகளில் சுண்ணாம்பு கட்ட விடுவோர் ஆகியோரின் பங்களிப்பும் இந்தக் கொலையில் குறைவானதன்று.

எத்தனால் பற்றி மட்டும் அமைச்சகத்தை முழுதாக விடுவிக்க மனுதாரர்களால் இயலவில்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவைப்பட, ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 2023இல் அறிமுகமான 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ஜெட்டில் விட்டால், கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிகுந்து, வால்வின் சூடு ஏறுகிறது. புதிய கார் சென்சாரால் இதையறிந்து தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அறிவிப்பு எதுவும் எட்டாது. எத்தனால் ஆவியாகும்போது அதிகம் குளிர்விக்கும் என்பதால் தீங்கு ஓரளவு ஈடாகிறது என்பதும், ஒரு படி பெரிய ஜெட்டைப் போட்டால் பெரும்பாலும் தீரும் என்பதும் மெய்தான். ஆனால் பங்க்கில் வேறு பெட்ரோல் கிடைக்காத வண்டிக்காரரிடம் அந்த ஜெட்டைப் பற்றி யார் சொல்வது?

எனவே, பங்க்கில் எத்தனால் 20 விழுக்காடு என்று ஒட்டப்படும் வில்லைக்குக் கீழே, டாப்பெட் இடைவெளியை அளக்கவும் ஜெட்டைச் சரிபார்க்கவும் சொல்லும் ஒரு வரியைச் சேர்க்குமாறு மனுதாரர்கள் வேண்டிக்கொள்கின்றனர். நன்றாக ஓடும் எஞ்சினின் ஹெட்டைப் பயந்து இறக்கவேண்டாம் என்றும், வேறு காரணத்துக்காக இறக்க நேரும்போது கடினப்படுத்திய எஃகுச் சீட்டு வளையங்களைப் பொருத்திக்கொள்ளலாம் என்றும் இடமிருந்தால் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்.

இணைப்பு: மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஒன்று, அசல். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.