கடனை அடைக்காம அனுப்புலே

ஏலே பேராண்டி, இங்கிட்டு வா. ரெண்டு நாளாச் சோத்தைப் பிசைஞ்சுகிட்டே இருக்கே. நீ மிச்சம் வச்சதைக் கோழிகூட எட்டிப் பாக்க மாட்டேங்கு. ஒங்கூட்டாளி வீட்டைக் காலி பண்ணிக்கிட்டுத் திருப்பூருக்குப் போறான், அம்புட்டுத்தான? அதுக்கு ஒங்காத்தா, பிள்ளையைக் கப்பலேத்தி அனுப்புற மாதிரி மூக்கைச் சிந்துறா. கோயில்பட்டி டேசன்ல நாகர்கோயில்–கோயம்புத்தூர் பகல் வண்டியில ஏறுனா மதுரை, திண்டுக்கல், கரூர், ஈரோடுன்னு ஊர் பூராம் சுத்திக் காட்டிட்டு, அன்னைக்கே திருப்பூர்ல எறக்கி விட்டுருவான். எங்க காலத்துல மாட்டு வண்டி கட்டிக் கொழுந்தியா வீட்டுக்குப் போறதுக்கே அம்புட்டு நேரம் ஆவும்.

யாரைத் திட்டுறதுன்னு தெரியாம அவங்கப்பனைத் திட்டிக்கிட்டு அலையிறியாமே. அவன் என்னலே செய்வான்? திட்டணும்னா பெட்டிக்கடையில தொங்குற அந்த பிளாஸ்டிக் லைட்டரைப் போய்த் திட்டு. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியை முழுங்கிரும்னு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிமாருக கணக்குச் சொல்றாக. 1922-ல சிவகாசிலருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரைக்கும் போய்க் கத்துக்கிட்டு வந்த தொழில்லே இது. மானம் பொய்ச்சாலும் கரிசக்காட்டுக்காரன் வீட்டுல அடுப்பு எரிஞ்சது இதாலதான். அரிசி, பருப்பு எல்லாம் வெலை ஏற, ஒத்த ரூவாய்ப் பெட்டி 14 வருசம் ஒத்த ரூவாயாவே கெடந்து, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூவாயாச்சு. 2023-ல, 20 ரூவாய்க்குக் கொறஞ்ச லைட்டரு வெளிநாட்டுலருந்து வரக் கூடாதுன்னு சர்க்காரு உத்தரவு போட்டுச்சு. உத்தரவைப் படிக்கிற பழக்கம் லைட்டருக்கு இல்ல போல. வாரத்துல பாதி நாள் வேலை இல்லாம ஆபீஸ் வாசல்ல பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான் அவங்கப்பன். அந்தப் பீடியையும் லைட்டர்லதான் பத்த வச்சான், நானே பாத்தேன். திருப்பூர்னா சனிக்கிழமை ஆனா வாரச் சம்பளம் கையில. போகாம இருப்பானா?

சரி, நீயும் அவனும் தெனமும் வீடியோ கால்ல பேசுறதாச் சத்தியம் பண்ணிக்கிட்டீகளாமே. யாரு போன்லலே? ஒனக்குமில்ல, அவனுக்குமில்ல. அவங்கப்பன் பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு ராத்திரி வந்து விழுவான். அவன் சட்டைப்பையிலருந்து போனை உருவி, "டேய் மாப்ள, சாப்ட்டியா?"ன்னு நீ கேப்பே, அவன் "ம்"பான். நாலு நாளைக்கு அந்த "ம்" நல்லாத்தான் இருக்கும். அஞ்சாம் நாளு ஒனக்கே கொட்டாவி வரும். ஞாயித்துக்கிழமை ஒருக்காப் பேசு. அதுவும் சண்டை போடுறதுக்கு எதாச்சும் வச்சுக்கிட்டுப் பேசு. இல்லையா, தபாலாபீசுல 50 காசுக்குக் கார்டு விக்கான், வாங்கி எழுது. கடையில எவனும் வாங்காத அந்த எட்டணாவுக்கும் ஒரு சோலி ஆச்சு.

ஒங்க தமிழ் வாத்தியாரு பிசிராந்தையார் கதையைச் சொல்லி ஒங்க ரெண்டு பேரையும் நல்லா உசுப்பேத்தி விட்டிருக்காராம். புலவரு பாண்டிநாடு, ராசா உறையூர்ச் சோழன், பாக்காமலே பழகுனாக. ராசா வடக்கிருந்தப்போ புலவருக்குன்னு ஒரு எடம் போட்டு வைக்கச் சொன்னாரு, அவரும் வந்துட்டாரு. எல்லாஞ் சரிதான். பாக்காம இருந்ததாலதான் அம்புட்டு அன்புன்னு எனக்கொரு சம்சயம். ஒரே பெஞ்சுல உக்காந்து, ஒருத்தன் பேனாவை ஒருத்தன் லவட்டி, ஒருத்தன் டப்பாச் சோத்தை ஒருத்தன் காலி பண்ணியிருந்தா புலவரு அம்புட்டுப் பாட்டுப் பாடியிருப்பாரா? ஒங்க சிநேகம் வேற சாதி சிநேகம்லே.

வேணும்னா அவன் டி.சி.யை வாங்கிப் பாரு. பள்ளிக்கூடம் மாறுறதுக்குக் கம்ப்யூட்டர்ல காமன் பூல்னு ஒண்ணு இருக்காம். இந்தப் பள்ளிக்கூடம் பிள்ளையை அதுல எறக்கி விட்டா, அந்தப் பள்ளிக்கூடம் கையைப் பிடிச்சுத் தூக்கிக்கிடுமாம். நம்ம கம்மாயிலதான் தண்ணி இல்ல, கம்ப்யூட்டர்லயாச்சும் கெடக்கட்டும். அது போகட்டும், டி.சி.யில அங்க அடையாளம்னு ஒரு எடம் இருக்கும். அதுல "வலது முழங்காலில் ஒரு தழும்பு"ன்னு எழுதியிருக்கும். அது என்ன தழும்பு? ஓடைப் பாலத்துல நீ சைக்கிள்ல டபுள்ஸ் வச்சு அவனைக் கவுத்துன தழும்பு. இனி அவன் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் தலைமையாசிரியர் கையெழுத்தோட, சீலோட, ஒம் பேரைச் சொல்லாம ஒம் புகழ் பாடிக்கிட்டுப் போவான். இதைவிட ஆட்டோகிராப் வேணுமாக்கும்?

பரிசு குடுக்கணும்னு உண்டியலை ஒடைச்சியாம். கோயில்பட்டிக் கடலைமிட்டாய் பாக்கெட்டாம். 2020-ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, கொறை சொல்லல. ஆனா வண்டி சாத்தூரைத் தாண்டுறதுக்குள்ள அவன் தங்கச்சி தின்னு முடிச்சிருவா. தவிர, அந்தக் காசை வச்சு அவனுக்குக் குடுக்க வேண்டிய கிரிக்கெட் மட்டைப் பாக்கியையும் அடைக்கப் போறேன்னு ஒந் தங்கச்சி சொன்னா பாரு, அப்பத்தான் எனக்குப் பக்குன்னுச்சு. கிறுக்குப் பயலே, அதை மட்டும் செஞ்சிராத! அவன் ஜாமென்ட்ரி பாக்ஸ் ஒங்கிட்ட இருக்கா? இருக்கட்டும். ஒன் தீப்பெட்டிப் படக் கட்டு அவங்கிட்ட இருக்கா? கேக்காத. மட்டைக்கு யாரு எம்புட்டுப் போட்டீகன்னு கணக்கு முடிச்சு, கையைக் குலுக்கி, "நமக்குள்ள ஒண்ணுமில்ல"ன்னு பைசல் பண்ணிட்டா, அப்புறம் அவன் எதுக்குலே இந்த ஊருக்கு வருவான்?

எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் பம்பாய்க்கு, தாராவிக்குப் போனான். அவன் பம்பரம் எங்கிட்ட இருக்கு. ஒவ்வொரு கொடைக்கும் ஊருக்கு வந்து, சாமி கும்பிடுறானோ இல்லையோ, நேரா நம்ம திண்ணைக்கு வந்து, "ஏ களவாணி, எம் பம்பரம் எங்க?"ம்பான். "தேடிப் பாக்கணும்"பேன். ஒன் அப்பத்தா காப்பி போட்டுக் குடுப்பா. அது டிரங்குப் பெட்டியில துணிக்கு அடியில இருக்குன்னு அவளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியுமோன்னு எனக்குச் சம்சயம் உண்டு.

டேசனுக்கு நீயும் போ. அழுகை வந்தா வீட்டுலயே அழுது முடிச்சுட்டுப் போ. வண்டி நிக்கிற நேரம் மூட்டை ஏத்தவே காணாது, நீ வேற குறுக்க நின்னு தேம்பிக்கிட்டிருந்தா அவங்கப்பன் ஒன்னையும் சேத்து ஏத்திருவான்.

அப்புறம் அவங்கிட்ட இன்னொண்ணு சொல்லு. அங்க பனியன் மலிவாமே, தாத்தாவுக்கு 95 சைஸ்ல ரெண்டு, கை வச்சதா, பொங்கலுக்கு வாரப்போ கொண்டாரச் சொல்லு. காசைக் கீசை இப்பக் குடுத்துத் தொலைச்சிராத. வந்து வாங்கிக்கிடட்டும்.