பத்து எங்கே? சாக்கெட் செட் தேர்வு குறித்த ஓர் இலக்கண ஆராய்ச்சி

பாயிரம்

வண்டி வைத்திருப்பவர்கள் இரு வகையினர். சைடு கவரைக் கழற்ற மெக்கானிக்கைத் தேடுபவர்கள் ஒரு வகை. கழற்றிவிட்டு மெக்கானிக்கைத் தேடுபவர்கள் மறு வகை. இந்நூல் இரண்டாம் வகையினருக்கு.

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பது மரபு. என்னிடம் ஐந்துதான் தேறுகின்றன. ஆக்கியோன்: ஸ்பிளெண்டர் ஒன்றின் உரிமையாளன். வழி: யூடியூப். எல்லை: வடக்கே வாசல் கேட்டு, தெற்கே துவைக்கிற கல். கேட்போர்: காம்பவுண்டுச் சுவரின் மேல் படுத்திருக்கும் பூனை. பயன்: பிறகு தெரியும். மீதி மூன்றும் பெட்டியைத் திறந்தபோதே இல்லை.

எழுத்ததிகாரம்

சாக்கெட் செட் என்பது அடிப்படையில் ஓர் எழுத்துமுறை என்பதே இவ்வாய்வின் துணிபு. ராட்செட் உயிர். சாக்கெட்டுகள் மெய். மெய் தனியே இயங்காது, பெட்டிக்குள் கிடக்கும். உயிர் தனியே இயங்கும், கிர்ரென்று ஒலிக்கவும் செய்யும், ஆனால் எதையும் கழற்றாது. இரண்டும் கூடி உயிர்மெய் ஆனால்தான் நட்டு அசையும். எக்ஸ்டென்ஷன் ராடும் அடாப்டரும் சார்பெழுத்துகள். யுனிவர்சல் ஜாயிண்டை ஆய்தம் எனக் கொள்வதில் அறிஞர்களுக்குத் தடை இருக்காது. தனித்து வராது, எங்கே வரும் என்றும் சட்டென்று சொல்ல முடியாது, விட்டுவிட்டால் மட்டும் குறை தெரியும்.

இந்தத் துணிபுக்கு வலுவான சான்று சந்தையிலேயே இருக்கிறது. கடைகளில் 216 பீஸ் செட் விற்கிறார்கள். நம் உயிர்மெய் எழுத்துகளும் 216. தற்செயல் என்று ஒதுக்குவோர் ஒதுக்கிக்கொள்ளலாம். 108 பீஸ் செட்டும் உண்டு, அது வைணவ மரபு. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அதிகம் நுழைவது 46 பீஸ் செட்தான். இந்த எண்ணிக்கைக்கு எந்தச் சாத்திரத்திலும் ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்த 46-ஐப் பிரித்துப் பார்ப்போம். என்னிடம் இருந்த பெட்டியில் சாக்கெட்டுகள் 13. நான்கில் தொடங்கி, நாலரை, ஐந்து, ஐந்தரை என்று எறும்பு ஊர்வதுபோல் ஏறி, 14-இல் நின்றுவிடும். கைப்பிடி, ராடு, டி பார் போக மற்றவை எல்லாம் ஸ்க்ரூ முனைகள். பீஸ் கணக்கில் ஒரு சின்ன முனையும் ஒன்று, ராட்செட்டும் ஒன்று. கல்யாண மொய்யில் ஒரு ரூபாய் நாணயத்தையும் ஐந்நூறு ரூபாய் நோட்டையும் ‘இரண்டு’ என்று எழுதி வைப்பதுபோல. அந்த நாலரை மி.மீ. சாக்கெட்டைப் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன். அதற்குப் பொருந்தும் நட்டை இந்தப் பூவுலகில் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். பேப்பர் விரித்தாயிற்று, பழைய பெயிண்ட் டப்பா வைத்தாயிற்று, எஞ்சினைச் சூடு பண்ணியும் ஆயிற்று. ஸ்பிளெண்டரின் ஆயில் போல்ட்டு 17. என் பெட்டி 14-ஓடு முடிந்துவிட்டது. சுற்றிலும் 46 பீஸ் பளபளக்க, நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தெருமுனை மெக்கானிக்கிடம் ரிங் ஸ்பேனர் இரவல் கேட்டுப் போனேன். பெட்டியையும் கையில் எடுத்துப் போனதுதான் தவறு.

“எத்தனை பீஸ் சார்?”

“நாப்பத்தாறுண்ணே.”

அவர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். “இதுல டிவி ரிமோட்ட கழட்டலாம் சார். வண்டியத் தொடாதீங்க.”

ஆகவே எண்ணிக்கை ஏமாற்று. எந்த எண்கள் என்பதே கேள்வி. 6 மி.மீ. மரை உள்ள போல்ட்டுக்கு 10 மி.மீ. தலை, இது உலகப் பொது. அதற்கு மேலே போனால்தான் சமயப் பிரிவு தொடங்குகிறது. 8 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பான் வழியில் 12 தலை, ஐரோப்பிய வழியில் 13. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானில் 14, ஐரோப்பாவில் 16 அல்லது 17. ஆக, ஜப்பான் மரபில் வந்த வண்டிக்கு 8, 10, 12, 14, 17, 19 என்ற ஆறும், மெல்லிய மரை பிளக்குக்கு 16-இல் ஒரு பிளக் சாக்கெட்டும் இருந்தால் எழுத்து நிரம்பியது. மற்றவை குற்றியலுகரம்.

பழைய புல்லட் வைத்திருப்போர் தனிச் சம்பிரதாயம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு தயாரிப்பு தொடங்கியபோது வண்டியோடு இங்கிலாந்தின் மரைகளும் வந்தன. அவற்றுள் விட்வொர்த் என்றொரு அளவு, ஜோசஃப் விட்வொர்த் 1841-இல் வகுத்தது. அந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டுத் தலையின் அளவு அன்று, உள்ளே இருக்கும் தண்டின் அளவு. முகத்தைப் பார்த்துவிட்டு இடுப்பளவைச் சொல்வதுபோல. அவர்களுக்கு இந்நூல் பயன்படாது. அவர்களுக்கு எந்நூலும் பயன்படாது.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது பொறிப்பையும் சொல்லியாக வேண்டும். ‘சி.ஆர்.வி.’ என்று சாக்கெட்டில் போட்டிருந்தால் குரோம் வனேடியம் எஃகு என்று பொருள். போட்டிருப்பதாலேயே அது குரோம் வனேடியம் ஆகிவிடாது. நெற்றியில் திருநீறு இருப்பவரெல்லாம் நாயன்மார் இல்லை. நான் பார்ப்பது எண்ணைத்தான். மினுமினுப்பான பரப்பில் லேசாகக் கீறிய எண்ணை வண்டிக்கு அடியில் இருட்டில் படிக்க முடியாது. 12 எது, 13 எது என்று நாக்கால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆழமாக அச்சடித்த எண் என்றால் கிரீஸ் படிந்த கட்டைவிரலுக்கே தெரியும். கல்வெட்டாய்வாளர்கள் என் கட்சியில் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சொல்லதிகாரம்

இது சிறிய அதிகாரம். மெக்கானிக்குகள் ‘சாக்கெட் செட்’ என்று முழுதாகச் சொல்வதில்லை. “டி பத்தக் குடு”, “பன்னெண்டு பதிமூணு எங்கடா” என்பதோடு சரி, எண்தான் பெயர். தமிழில் வேறெங்கும் எண்ணுக்கு இத்தனை மரியாதை கிடையாது. மரை கழன்றது என்ற வினை போல்ட்டுக்கும் மனிதருக்கும் பொது. இரண்டுக்கும் காரணமும் பொது: அளவுக்கு மீறி இறுக்கியது.

பொருளதிகாரம்: அகம்

46-ஐத் துறந்தபின் பாரிமுனைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. ராட்செட்டை மட்டும் எடுத்து என் காதருகே பிடித்துச் சுற்றினார். கிர்ர்ர்ர். ஆண்கள் சாக்கெட் செட்டைக் கண்ணால் வாங்குவதாக ஒரு கருத்து நிலவுகிறது. அது பிழை. காதால்தான் வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் பற்சக்கரத்தில் 24 பல் இருந்தால் கைப்பிடியை 15 பாகை அசைத்தால்தான் அடுத்த பல் மாட்டும், சத்தம் கட்டைவண்டி போல் வரும். 72 பல் என்றால் 5 பாகை போதும், சத்தம் பட்டுத்துணி கிழிவது போல் இருக்கும். ஏர் ஃபில்டருக்கும் சேஸிஸுக்கும் இடையே கை மட்டுமே நுழையும் சந்தில் அந்த 10 பாகை வித்தியாசம் விரல் முட்டியின் தோல்.

“அரை இஞ்ச்சா, முக்கால் நூலா, கால் இஞ்ச்சா சார்?” என்றார். முக்கால் நூல் என்று அவர் சொன்னது எட்டில் மூன்று இஞ்ச்சை. நூல் கணக்குப்படி அது மூன்று நூல், ஆனால் திருத்தப் போனால் தள்ளுபடி போய்விடும். ராட்செட்டின் மூக்கில் இருக்கும் சதுரம்தான் இந்த டிரைவ். இங்கே ஆய்வாளன் வியந்து நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜப்பான் சாக்கெட்டோ ஜெர்மன் சாக்கெட்டோ, வாய்ப்பக்கம் மில்லிமீட்டர், முதுகுப்பக்கம் இஞ்ச். மெட்ரிக் முறையில் ஊறிய நாடுகளும் அந்தச் சதுரத்தை மட்டும் மாற்றவில்லை. நாம் 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் பூவை முழத்திலும், மனையைக் கிரவுண்டிலும், தங்கத்தைப் பவுனிலும் வாங்குகிறோம். யாரையும் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதி இல்லை. வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் நடுவிலுள்ள எட்டில் மூன்றை எடுங்கள். கால் இஞ்ச் பொடிவேலைக்கு, அரை இஞ்ச் சக்கரத்துக்கு.

அடுத்த வழக்கு: சாக்கெட்டின் வாய் ஆறு முனையா, பன்னிரண்டு முனையா? பன்னிரண்டு, நட்டின் மேல் 30 பாகைக்கு ஒருமுறை உட்காரும். ஆறு, 60 பாகைக்கு ஒருமுறை. பன்னிரண்டு வசதிதான். ஆனால் அது நட்டின் மூலையை ஒட்டியே பிடிக்கும். மூலை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் வழுக்கும், மேலும் தேய்க்கும், நட்டு உருண்டையாகிவிடும். ஆறு முகமும் பன்னிரு கையும் ஒரே தெய்வத்துக்கு உரியவைதாம். ஆனாலும் துருப்பிடித்த நட்டின் முன்னால் முகம் கைகொடுக்கும், கை கைவிடும்.

இனி ராட்செட்டின் முதுகிலுள்ள பொத்தான். அழுத்தினால் சாக்கெட் தானே கழன்று விழும். அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்பவர் 18 வயதில் இதை உருவாக்கினார். 1965-இல் காப்புரிமை கிடைத்தது. அதை 10,000 டாலருக்கு நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்தார். பிறகுதான் அந்தப் பொத்தானின் உண்மையான மதிப்பு தெரிந்து வழக்குப் போட்டார். இருபது ஆண்டு இழுத்து, 1989-இல் 82 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. வழக்கின் நியாயம் அவர் பக்கமே என்பேன். ஆனால் அந்தப் பொத்தானால் விளைந்த வேறொரு நட்டத்துக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் விலை வைக்கவில்லை. அது பத்தாம் எண்.

பத்து தொலையும். இதை விதியாகவே எழுதலாம். சீட்டு, சைடு கவர், பேட்டரி கிளாம்பு, ஃபில்டர் மூடி என்று கை வைக்கும் இடமெல்லாம் 6 மி.மீ. போல்ட்டு, எனவே எல்லாம் பத்து. அதிகம் வெளியே எடுக்கப்படுவது அதுதான், எனவே பெட்டிக்குத் திரும்பாத வாய்ப்பும் அதற்கே அதிகம். அதோடு அது உருண்டை, பளபளப்பு, விரல் நுனி அளவு. பொத்தானை அழுத்தியதும் மகிழ்ச்சியாகக் குதித்து ஓடும். அலுவலகத்தில் எல்லா வேலையும் எவர் தலையில் விழுகிறதோ அவரே ஒருநாள் சொல்லாமல் வேலையை விட்டுப் போவதற்கும் இதற்கும் இலக்கணம் ஒன்று. நான் இதுவரை தொலைத்த பத்துகள் நான்கு. ஒன்று மச்சானின் காருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் இரண்டு வருடம் ஊர் சுற்றியது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். பூஜை அலமாரியில், நிமிர்த்தி வைத்து, ஊதுபத்தி செருகியிருந்தார்கள். கேட்க மனம் வரவில்லை, மணம் நன்றாக இருந்தது.

ஆகவே செட் வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் இடம் பெட்டிதான். மூடியை மூடிக் கவிழ்த்துக் குலுக்குங்கள். திறந்தால் சாக்கெட்டுகள் அவரவர் குழியில் இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் அச்செடுத்த குழியென்றால் முதல் மாதத்திலேயே தளர்ந்துவிடும், கூட்டத்தில் எவரைக் காணோம் என்பதே தெரியாது. இரண்டாவது, பத்தை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் சிரித்தால் நல்ல கடை.

பொருளதிகாரம்: புறம்

மேல்மருவத்தூர் தாண்டி மச்சானின் கார் பஞ்சர். நான் பெருமையாகப் பெட்டியைத் திறந்தேன். அப்போது அது பழைய 46. வீல் நட்டு மாருதியில் 19, ஹூண்டாயில் 21, என்னிடம் 14. இருந்திருந்தாலும் நடந்திருக்காது. சின்னக் காரின் வீல் நட்டு 100 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரத்தில் இறுகியிருக்கும். அதைக் கழற்ற ஒன்றரைச் சாண் நீளக் கம்பி இருந்தால் அரிசிச் சிப்பத்தைத் தூக்குகிற பலம், இருபத்தைந்து முப்பது கிலோ, போதும். என் கால் இஞ்ச் ராட்செட்டோ ஐந்து அங்குலம். அதில் எண்பது கிலோவைத் தொங்கவிட வேண்டும். நானே எழுபத்தெட்டு. அதற்குள் ராட்செட்டின் பல் போயிருக்கும், சில சமயம் நம்முடையதும்.

“மாமா, டிக்கியில மேட்டுக்குக் கீழ ஒரு ஸ்பேனர் இருக்கும், கம்பெனிக்காரன் வண்டியோட குடுத்தது” என்றான் மச்சான். இருந்தது. நட்டில் மாட்டி, நுனியில் கால் வைத்து ஒரு மிதி. ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். திண்டிவனம் வரை யாரும் பேசவில்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனைச் செட் 3,200 ரூபாய். ஆயில் மாற்ற எங்கள் தெருமுனைக் கூலி 150. ஆக, 22 முறை நானே மாற்றினால் போட்ட பணம் திரும்பும். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், வண்டி வருடத்துக்கு 5,000 ஓடுகிறது. பதின்மூன்று ஆண்டுகளில் லாபம் தொடங்கும். இதில் தொலைந்த பத்துகளின் விலையைச் சேர்க்கவில்லை.

புறனடை

போன ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, கத்தரிக்கோல், பையனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஆகியவற்றோடு என் பெட்டியும் மனையில் ஏறியது. மனைவி ஒவ்வொரு சாக்கெட்டாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தாள். எட்டுக்கு வைத்தாள். அடுத்த குழியில் விரல் நின்றது.

“இது ஏன் காலியா இருக்கு?”

“அது பத்து.”

“எங்க?”

நான் பூனையைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு காலிக் குழியின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். விரலைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டுக்குப் போனாள்.