சூரிய பகவானுக்குச் சுகமில்லை

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

இவ்விடம் ஹாம்பர்க்கில் யாவரும் க்ஷேமம். சூரிய பகவான் ஒருவருக்குத்தான் தேகம் சுகமில்லை. மார்கழி உச்சிவேளையிலும் அடிவானத்துக்கு மேல் 13 பாகை ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, நாலு மணிக்கெல்லாம் படுக்கப் போய்விடுகிறார். இப்பேர்ப்பட்ட நோயாளியிடம் மின்சாரம் கறந்தே தீருவது என்று இந்த ஜனங்கள் கங்கணம் கட்டிக்கொண்டிருப்பதைக் காணும்போது, உப்பளத்து வெயிலில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு முந்துகிறதா வெட்கம் முந்துகிறதா என்று சொல்லத் தெரியவில்லை.

ஊரோடு ஒத்துவாழ வேண்டி நானும் பால்கனிக் கம்பியில் இரண்டு சோலார் பலகைகளைக் கட்டி, மிக்ஸிக்குச் சொருகுவதுபோலச் சுவரில் ப்ளக்கைச் சொருகிவிட்டேன். ஒரே வித்தியாசம், மின்சாரம் சுவரிலிருந்து வராமல் சுவருக்குள் போகிறது. 800 வாட் வரை இவ்விதம் செலுத்தலாம் என்று 2024 மே மாதம் சட்டம் செய்தார்கள். அவ்வருஷம் அக்டோபர் முதல், தக்க காரணமின்றி வீட்டுக்காரர் குறுக்கே நிற்கவும் முடியாது. சர்க்கார் பதிவேட்டில் இத்தகைய பால்கனிகள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. 800 வாட் என்பது காகிதக் கணக்கு. நேற்று நண்பகலில் என் போன் காட்டியது 41. ஆயினும் யூனிட் ஒன்றுக்கு நம் காசில் 35 ரூபாய்க்கு மேல் அழுகிற தேசத்தில், மேகம் சற்றே விலகினாலும் கீழ்வீட்டுப் பாட்டியம்மாள் படியேறி வந்து, "வெயில் வந்துவிட்டது, துணியை மெஷினில் போடு!" என்று கதவைத் தட்டுகிறாள்.

நம் தூத்துக்குடியிலோ, 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய நிலக்கரி பெல்ட்டில் ஊர்ந்துபோய், அனல்மின் நிலையத்தில் தலைக்கு 210 மெகாவாட்டாக ஐந்து யூனிட்டுகளில் எரிவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தத் துறைமுகமே 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலை திறந்து, தன் காலனித் தெருவிளக்குக்கு அதை உபயோகிக்கக் கிளம்பிவிட்டது. தங்கள் மொட்டைமாடி மட்டும் அசையவில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இனாமாக வரும்போது பலகை எதற்கு என்கிறீர்கள். இரண்டு ஏசி ஓடும் வீட்டில் அந்த நூறு எந்த மூலைக்கு என்று மதினி கேட்பதும் நியாயந்தானே? 3 கிலோவாட் போட்டால் மத்திய சர்க்கார் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. காக்கை எச்சத்தையும் உப்புக்காற்றின் படிவையும் துடைக்க ஆள் வேண்டியதுதான். மதினியின் வடகத்துக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் ஒரு மூலையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் வீட்டில் கலகம் வராது.

இங்கே வருகிறவர்கள் கையில் கொஞ்சம் மக்ரூன் கொடுத்தனுப்பவும். பாட்டியம்மாள் ருசி கண்டுவிட்டாள். கருவாடாயின் நன்றாகக் காய்ந்ததாக அனுப்பவும். பால்கனியில் அதை உலர்த்தும் உரிமைக்கு இவர்கள் இன்னும் சட்டம் செய்யவில்லை.

தங்கள் அன்புள்ள தம்பி