அங்க யாரு இருக்காங்க?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் அறுபது தாண்டியவர்கள் வெளிநாடு போவதற்குச் செல்லுபடியாகும் காரணம் ஒன்றுதான்: பிரசவம். மகளுக்கோ மருமகளுக்கோ நாள் நெருங்கினால் பாஸ்போர்ட், சுக்கு, பெருங்காயம் சகிதம் கிளம்பலாம். தெருவே வழியனுப்பும். அப்படி எந்தக் கர்ப்பிணியின் ஆதரவும் இல்லாமல், தன்னந்தனியாக, ஊர்வலம் பார்க்க என்று ஒருவர் விமானம் ஏறினால் அவரைத் தெரு சும்மா விடாது. ஆனாலும் இந்த ரகம் இப்போது பெருகி வருகிறது.

நம்மவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையான எச்.வி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடையின்போது சேதியை வெளியிட்டார்.

“சிங்கப்பூர்ல யாரு இருக்காங்க சார்?”

“யாரும் இல்ல. சிங்கே ஊர்வலம் பாக்கப் போறேன்.”

“ஊர்வலமா? ஆடி மாசம் திருவேற்காட்டுக்கு நடந்து போனா ஓசியிலயே பாக்கலாமே!”

வீட்டம்மாவைக் கூப்பிடாமல் இல்லை. “முட்டி வலியோட கூட்டத்துல நிக்க என்னால ஆகாது” என்று அவர் சொன்னதும், இவர் முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவரப் பட்ட பாடு இருக்கிறதே! விமானம் நாலு மணி நேரம். ஆவடியிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்ததைத்தான் இவர் பயணம் என்கிறார்.

சிங்கேவின் கதையைக் கேட்டால் நமக்கு அழுகை வரும். சிங்கப்பூரில் 1972இல் பட்டாசுக்குத் தடை போட்டுவிட்டார்கள். சத்தமில்லாமல் சீனப் புத்தாண்டு சப்பென்று போய்விடுமே என்று, லீ குவான் யூவின் யோசனைப்படி 1973இல் இந்த ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெடி இல்லாத குறைக்கு ஓர் ஊர்வலம்! நம் பக்கம் சாவு ஊர்வலமே வெடி இல்லாமல் தெருமுனை தாண்டாது.

எஃப் 1 பந்தயத்துக்காகக் கட்டிய கட்டடத்தின் முன்னால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார். டிராகன் வந்தது, மயில் வந்தது, இறகு வைத்த பெண்கள் வந்தார்கள். கூட்டம் அண்ணாந்து பார்த்தது; இவர் குனிந்து பார்த்தார். அந்த டிராகன் எந்த சேஸிஸ் மேல் நிற்கிறது? ஆக்ஸில் எத்தனை? முழுக்க மூடிய வண்டிக்குள் டிரைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறான், எந்த ஓட்டை வழியாகப் பாதையைப் பார்க்கிறான்? விஜயந்தா, அஜேயா என்று டாங்கிகளோடு காலம் தள்ளியவருக்கு வேறென்ன கேள்வி வரும்? டெல்லி குடியரசு தின அணிவகுப்பிலும் ஜனாதிபதி வணக்கம் வாங்கும்போது இவர் டாங்கியின் சங்கிலியைத்தான் பார்ப்பார். தொண்டூழியப் பையன் ஒருவன் ஓடிவந்து, “அங்கிள், எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறான்.

திரும்பி வந்ததும் ஏரிக்கரையில் போனை நீட்டினார். ஆவலாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது டயர், டயர், ஒரு ஜெனரேட்டர், மறுபடி டயர். “மேல ஆடினவங்க எங்க சார்?” என்று கேட்ட வங்கி ஓய்வாளரோடு இவர் இன்றுவரை பேசுவதில்லை.

இப்போது அடுத்த திட்டம் ரியோ கார்னிவல். வீட்டில் விஷயத்தைப் பக்குவமாகத்தான் எடுத்தார். “சம்பாட்ரோம்னு ஒண்ணு கட்டி வச்சிருக்கான். நீமயர்ங்கிற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணி 1984ல திறந்தது. ஊர்வலத்துக்குன்னே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் கேலரி. இன்ஜினியரிங்குக்காகவே பாக்கணும்.”

வீட்டம்மா தலையாட்டினார். மத்தியானம் பேத்தியிடம் யூட்யூபில் போட்டுக் காட்டச் சொல்லி, அந்த இன்ஜினியரிங்கை முழுசாகப் பார்த்தார். சாயங்காலம் காபி டம்ளரை டொக்கென்று வைத்தார்.

“முட்டி வலி இப்ப பரவாயில்ல. எனக்கும் சேத்து டிக்கெட் போடுங்க.”