கடைமடைக்குப் பனிச்சறுக்கு

இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கும் பனிச்சறுக்கு விளையாட்டு, ஜப்பானின் நீகாத்தா மாகாணத்துக் காகுரா மலையில் மே மாதம் வரை நீடிப்பது, தஞ்சை வட்டாரத்து வசதி படைத்தோர் போற்றத்தக்க செய்தியாகும். பருவத்தின் கடைசியில் கிடைப்பதைக் கொண்டு மகிழும் கலையில் டெல்டாவுக்குத் தேர்ச்சி மிகுதி. ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது என்பதும், வாய்க்காலின் இறுதி நிலங்களான கடைமடைக்கு நீர் அதற்கும் பிந்தியே சேரும் என்பதும் அப்பயிற்சியின் பாடங்களாகும்.

சமவெளியில் பழகுவதற்குச் சரிவு இல்லையே என்பது அற்பக் குறை. அரசு நெல் வாங்கும் இடங்களான நேரடி கொள்முதல் நிலையங்களின் வாயிலில் தார்ப்பாய் போர்த்திக் காத்திருக்கும் நெற்குவியல்கள் அதனைத் தீர்க்கும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல் விற்பனைக்கு ஆகாது எனினும், சறுக்குவதற்கு ஈரம் நன்றே.

இவ்வாறு தேறியவர் காகுராவில் மிதிக்கும் பனியோ, உருகி இறங்கி, உவோனுமா பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற கோஷிஹிகாரி நெல்வயல்களுக்குப் பாசன நீராகிறது. ஆகவே, தம் நிலத்தைக் காயவிட்டுக் கிளம்பியவர், திறப்பு விழா ஏதுமின்றி உரிய காலத்தில் வயல் சேரும் அயலாரின் நீர்மேல் நிற்பதற்குச் சீட்டு வாங்குகிறார். மேட்டூர் நீர்த்தேக்கத்தையும் உறைய வைத்துச் சீட்டு விற்பதே அறிவுடைமை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கும் கடைமடை உழவருக்கு, இன்னும் உருகவில்லை என்று அறிவியல் முறையில் விடை கூறலாம்.