பத்து, ஒன்பது, எட்டு

குழந்தையை யாராவது வதைத்தால் 1098-க்கு போன் போடுங்கள் என்கிறது அரசு. பத்து, ஒன்பது, எட்டு என்று சொன்னால் பிள்ளைகளுக்கும் மனதில் நிற்குமாம். நிற்கிறது. ஏழு எப்போது வரும் என்றுதான் தெரியவில்லை.

சட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். 2012-இல் வந்த போக்சோ சட்டம் சொக்கத் தங்கம். விஷயம் தெரிந்தும் புகார் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கு போலீஸ் தகவல் சொல்ல வேண்டும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம். கூடிய மட்டும் பெண் எஸ்.ஐ. வர வேண்டும். அதுவும் மஃப்டியில். காக்கியைக் கண்டால் குழந்தை மிரண்டுவிடுமாம். பெரியவர்களே மிரளுகிறோம் ஐயா, எங்களுக்கும் ஒரு பிரிவு போட்டிருக்கலாம்.

இப்போது 2024-க்கு வாருங்கள். சென்னை, அண்ணா நகர். பத்து வயதுச் சிறுமிக்கு நேர்ந்ததைச் சொல்லப் பெற்றோர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே தங்களையே அடித்தார்கள் என்கிறார்கள். ஒரு புகாரோடு போனவர்கள் இரண்டு புகாரோடு திரும்பினார்கள். குழந்தையின் அடையாளம் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது சட்டம். அந்தக் குழந்தை பேசிய பதிவோ ஊரைச் சுற்றியது.

உயர் நீதிமன்றம் கொதித்துப்போய் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. உடனே அரசுத் தரப்பு டெல்லிக்கு ஓடியது. அடடா, அவசரம் என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது! உச்ச நீதிமன்றம் சிபிஐயை நிறுத்திச் சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டது. 2025 ஜனவரியில் அந்தக் காவல் நிலையத்தின் பெண் ஆய்வாளர் கைதானார். குழந்தையைக் காக்கப் போட்ட சட்டத்தைக் காவல் நிலையத்திடமிருந்து காக்க, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் இது செய்தித்தாளில் வந்த வழக்கு. வராதவற்றில் குழந்தை அம்மாவிடம் சொல்கிறது. டாக்டரிடம் சொல்கிறது. எஸ்.ஐ.யிடம், மாஜிஸ்திரேட்டிடம், நலக் குழுவிடம் சொல்கிறது. கூடிய மட்டும் ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது சட்டம். அந்தக் 'கூடிய மட்டும்' என்ற இரண்டு சொல்லில் குடித்தனமே நடத்துகிறார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா. கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள எடுத்த கவுன் சின்னதாகிவிடுகிறது. ஒருநாள் கூண்டருகே ஒரு கறுப்பு அங்கி குனிந்து, தேன் ஒழுகக் கேட்கிறது:

"அன்றைக்கு மாமா சட்டை நீலம் என்றாய். இன்றைக்குப் பச்சை என்கிறாய். எது பொய், பாப்பா?"