செலோ டேப் துரோகம்

எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய சொத்து ஒன்றே ஒன்றுதான். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்ற வசனம்.

தாத்தா பாகவதர் கட்சி. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட கதையை, அந்தத் தியேட்டருக்கே கூரை போட்டவர் மாதிரிச் சொல்வார். 1976-இல் 'அன்னக்கிளி' பாட்டுக்கு ஊரே கிறங்கிக் கிடந்தபோது அவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. "நடவு வயல்ல சும்மா கேக்குறதை இவன் காசு கொடுத்துக் கேட்டுட்டு வர்றான்!" இவன் என்பது என் அப்பா.

அப்பா இளையராஜா கட்சி. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, ஒரு வாரம் நடையாய் நடந்து வாங்கிய கேசட்டுகள் பீரோவில் நகையோடு இருந்தன. வந்ததும் முதல் வேலையாகக் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுவார். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறு பாட்டைப் பதிய முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தில் செலோ டேப்பை ஒட்டினால் பதியலாம். இதை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

1994-இல் 'காதலன்' வந்தது. எனக்குப் பதினான்கு வயது. புதுக் கேசட் வாங்கக் காசில்லை. பீரோவிலிருந்து ஒன்றை உருவினேன், செலோ டேப்பை ஒட்டினேன், நண்பன் வீட்டு இரட்டை டெக்கில் ரஹ்மானைக் குடியேற்றினேன். மறுநாள் காலை காபியோடு அந்தக் கேசட்டைப் போட்டார் அப்பா. அரை நிமிடம் அசையவில்லை. பிறகு கேட்டார்: "பாடுறானா, பாத்திரம் உருட்டுறானா?" அடி விழவில்லை. குடும்ப வசனம்தான் விழுந்தது.

இப்போது என் முறை. காரில் புளூடூத் மகன் கையில். போன வருடம்வரை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், "ஒரு வார்த்தையாவது புரியுதாடா?" என்று. ஒருநாள் அவன், "உங்க 'காதலன்' பாட்டுல பாதிக்கு அர்த்தம் சொல்லுங்கப்பா" என்றான். எனக்குத் திடீரென்று சாலையைக் கவனிக்க வேண்டியிருந்தது.

2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்துவிட்டு வந்தவன், "அப்பா, செம பாட்டு ஒண்ணு வந்திருக்கு, கேளுங்க" என்று காரில் போட்டான். 1991-இல் வந்த 'குணா' பாட்டு! நான் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினேன். "டேய், இது எங்க காலத்துப் பாட்டுடா. நாங்கள்லாம் இதைக் கேட்டு வளர்ந்தவங்க."

பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை.

"இந்தப் பாட்டு இருந்த கேசட்லதான் செலோ டேப் ஒட்டினான், உங்கப்பன்."

தாத்தாவும் பேரனும் சேர்ந்து அந்தப் பாட்டை ஊர் வந்து சேரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் கார் ஓட்டினேன்.